தூங்குமூஞ்சி எக்ஸ்பிரஸ்

தேங்காய்க்கு முடி வெட்டும் சலூனை எழிலரசி முதன்முதலில் பார்த்தது ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். பக்கத்து மேசைப் பெண் பவ்யா, எலுமிச்சைச் சாதத்தில் ஒரு கையும் செல்போனில் ஒரு கையுமாக இருந்தவள், "அக்கா, இதக் கொஞ்சம் பாருங்களேன்" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒரு நிமிடப் படம். பழைய சலூன், சுழல் நாற்காலி, நாற்காலியில் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திய ஒரு முழுத் தேங்காய். நார் நாலாபக்கமும் தொங்க உட்கார்ந்திருந்த அதற்கு ஒரு பெரியவர் சீப்பால் வகிடெடுத்து, கத்தரிக்கோலால் ஓரம் வெட்டி, பின்னங்கழுத்தில் பவுடர் அடித்து, கடைசியில் சின்னக் கண்ணாடியைப் பின்னால் பிடித்துக்காட்டி, "போதுமா சார்?" என்று கேட்டார். தேங்காய் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் முகத்திலும் சிரிப்பில்லை. அவ்வளவுதான் படம். எழிலரசிக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"யாரு இதெல்லாம் எடுக்கறாங்க?"

"யாரோ ஒருத்தர், திருநெல்வேலி பக்கமாம். வேற வேலையில்லாதவரு போல."

"வேலையில்லாதவங்க எல்லாருமா இப்படி இருக்காங்க" என்றாள் எழிலரசி. சொன்ன பிறகுதான் பேச்சு தன் வீட்டுப் பக்கம் போய்விட்டது தெரிந்தது. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்தாள்.

சென்ட்ரலுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த அந்த அலுவலகத்தில் அவளுக்கு மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை. காலையிலிருந்து மாலைவரை யார் யாருடையதோ பித்தப்பைகளும் முழங்கால்களும் கண்புரைகளும் திரையில் வந்து நிற்கும். ஆஸ்பத்திரிக் கையெழுத்தைப் படித்து, தொகையைப் பார்த்து, அடுத்ததைத் திறக்க வேண்டும். வேலை கஷ்டமில்லை. ஆனால் சாயங்காலம் ரயிலேறும்போது, ஊரிலிருக்கிற நோயாளிகள் எல்லாரிடமும் ஒரு வார்த்தை பேசி அனுப்பிவைத்தவளைப்போல நாக்கு உலர்ந்திருக்கும்.

வீடு கொரட்டூரில், ஏரிக்குப் போகும் சாலையில், ஒரு குடியிருப்பின் இரண்டாவது மாடி. கணவன் லோகநாதன் அந்த ஊர்க்காரன்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் பிரிவுக்கு சூப்பர்வைசராக இருந்தான். கம்பெனியை மூடிவிட்டார்கள். முதல் சில மாதங்கள் சட்டையை இன் பண்ணிக்கொண்டு தினமும் வெளியே போனான். போன இடங்களிலெல்லாம் மரியாதையாக உட்காரவைத்து, வயதைக் கேட்டு, கூப்பிடுகிறோம் என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. அதன்பிறகு அவன் வீட்டிலேயே இருந்தான். மகள் வேலூரில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்ததால் பகலெல்லாம் வீட்டில் அவன் ஒருவன்தான். நல்லவன்தான். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. காய் நறுக்கிவைப்பான், தண்ணீர் பிடித்துவைப்பான். ஆனால் நாள் முழுவதும் பேச ஆளில்லாமல் டிவியில் செய்தி வாசிக்கிறவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பான். எழிலரசி செருப்பைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பமாகிவிடும். மோட்டார் ஓடாதது, மேல்வீட்டுக்காரன் காரைக் குறுக்கே நிறுத்தியது, கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் முறைத்தது. ம் என்பாள். ம் போதவில்லை என்றால், அப்புறம் என்பாள். படுத்த பிறகும் இருட்டில் அவன் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் பூராவும் சேர்த்துவைத்ததல்லவா. அவன் நிறுத்திய பிறகும் அவளுக்குத் தூக்கம் வராது. அவன் தூங்கவில்லை என்பதும், தூங்காமல் கிடப்பதை அவளுக்குக் காட்டாமலிருக்கப் பார்க்கிறான் என்பதும் மூச்சிலேயே தெரியும்.

தேங்காய் சலூனுக்குப் பிறகு அவள் அப்படிப்பட்டவற்றைத் தானாகவே தேட ஆரம்பித்தாள். ரயிலில், டீ இடைவேளையில், சோறு வேகும் நேரத்தில். ஒன்று இன்னொன்றைக் காட்டிக்கொடுத்தது. கொத்தமல்லிக் கட்டுகளை மிகக் கிட்டத்தில் வைத்து அடர்ந்த காடுகள்போலப் படம்பிடிக்கும் ஒரு பெண். ஊர் ஊராகப் போய், வெளிச்சுவர்களில் மாட்டிய ஏசி பெட்டிகளின் துருவிலும் கறையிலும் முகங்களைக் கண்டுபிடித்து, கண் மட்டும் வரைந்துவிட்டு வரும் ஒருவன். எங்கோ குளிர்தேசத்தில், எறும்புகள் உட்கார என்று தீக்குச்சியில் சோபா செட் செய்கிற ஒரு கிழவர். எறும்பு ஒன்றுகூட இதுவரை உட்காரவில்லை, அவரும் நிறுத்துவதாக இல்லை. பேருந்து நிலையங்களில் மறந்துவிட்டுப் போன குடைகளை மட்டுமே எடுத்த ஒரு தொகுப்பை அவள் காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இவற்றிலெல்லாம் பிடித்தது என்னவென்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. யாரும் அவளிடம் எதுவும் கேட்காத படங்கள் அவை. பார்த்துவிட்டு ம் என்றுகூடச் சொல்ல வேண்டாம்.

'தூங்குமூஞ்சி எக்ஸ்பிரஸ்' அப்படித்தான் கிடைத்தது. புறநகர் ரயில்களில் தூங்குகிறவர்களைப் புகைப்படமெடுத்து, அதன்மேல் மெல்லிய வெள்ளைக் கோட்டில் அவர்கள் காணும் கனவை வரைந்துபோடுகிற பக்கம். வரைகிறவர் பெயர் எதுவும் இல்லை. படங்களில் பாதி லேடீஸ் கம்பார்ட்மென்டில் எடுத்தவை என்பதால் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எழிலரசி நினைத்துக்கொண்டாள். கூடையைக் கட்டிப்பிடித்துத் தூங்கும் பூக்காரம்மாவின் மடியில் ஒரு யானைக்குட்டி சுருண்டு படுத்திருந்தது. ஆவடி பட்டாலியன் உடுப்பில் தூங்கும் போலீஸ்காரர் தொப்பியிலிருந்து நூல் கிளம்பி வாலில்லாத பட்டமாக மேலே போயிற்று. கல்லூரிப் பையன் ஒருவன் வாயைத் திறந்து தூங்க, வாய்க்குள் ஒரு சின்ன ரயில் நுழைந்துகொண்டிருந்தது. தெரிந்த பெட்டிகள், தெரிந்த கம்பிகள். நேற்று எதிரே உட்கார்ந்திருந்த பெண்கூட இதில் இருக்கலாம். எழிலரசி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்தாள்.

அவளும் ரயிலில் தூங்குகிறவள்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை. அலுவலகம் போகும் ரயிலில் அல்ல; அதில் நிற்கவே இடம் கிடைப்பதில்லை. மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒரு காலை, கொரட்டூர் பிளாட்பாரத்தில் சென்ட்ரல் வண்டிக்காக நின்றிருந்தபோது எதிர்த்திசையில் அரக்கோணம் வண்டி வந்து நின்றது. லேடீஸ் பெட்டியில் ஏழெட்டுப் பேர்தான். ஜன்னலோரங்கள் காலியாகக் கிடந்தன. எழிலரசி படியேறி மறுபக்கம் போய், டிக்கெட் வாங்கி, அடுத்த அரக்கோணம் வண்டிக்குக் காத்திருந்து ஏறினாள். காய்ச்சல் என்று மேனேஜருக்குச் செய்தி அனுப்பினாள். ஆவடி தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். அரக்கோணத்தில் ஒரு கூட்டுகிற அம்மா தட்டி எழுப்பினாள். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டாள். திரும்பும் வண்டியில் மறுபடி தூங்கினாள். வழக்கமாக வீடு சேரும் நேரத்தில் வீடு சேர்ந்தபோது முகம் கழுவியதுபோல் இருந்தது. அதன்பிறகு எப்போதாவது, இனி முடியாது என்று தோன்றுகிற காலைகளில், அந்தப் படியேறி மறுபக்கம் போவாள். வீட்டில் பொய் சொன்னதில்லை. எங்கே போனாய் என்று யாரும் கேட்டதில்லை.

தன்னை அவள் பார்த்தது ஒரு சாயங்காலம், வில்லிவாக்கத்தில் வண்டி நின்றிருந்தபோது. கம்பியைப் பிடித்து நின்றபடி தூங்குமூஞ்சி எக்ஸ்பிரஸில் புதிதாக வந்த படத்தைத் திறந்தாள். நீலப் புடவை. மடியில் பழுப்புக் கைப்பை, அதன்மேல் கோத்த விரல்கள். ஜன்னல் கம்பியில் சாய்ந்த தலை, லேசாகத் திறந்த வாய். கன்னத்தில் காலை வெயில் கம்பி கம்பியாக விழுந்திருந்தது. வேறு யாரையோ பார்க்கிறோம் என்றுதான் ஒரு கணம் நினைத்தாள், நன்றாகத் தூங்குகிறாளே இந்தப் பெண் என்று பொறாமைகூட வந்தது. பிறகு போனைப் புடவையோடு கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

கொரட்டூரில் இறங்கி, கூட்டம் கலையும்வரை பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி திறந்தாள். அவள் தலைக்கு மேலே எதுவும் வரைந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கம்பிக்கு அந்தப் பக்கம், உள்ளங்கை உயரத்தில் இன்னொரு எழிலரசி கோட்டுருவமாக உட்கார்ந்திருந்தாள். அவிழ்ந்த முடி காற்றில் பின்னால் பறக்க, காலை வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு, முழு மாம்பழம் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாம்பழச் சாறு முழங்கைவரை வழிந்திருந்தது. ஒற்றைக் கோட்டில் அதையும் வரைந்திருந்தாள் அந்தப் பெண்.

கீழே ஏராளமான பேர் எழுதியிருந்தார்கள். பாவம் அம்மா. வீட்டு வேலையும் பார்த்து ஆபீஸும் போகிற தாய்மார்களுக்குத் தலைவணங்குகிறேன். எங்கம்மா ஞாபகம் வருது. எழிலரசிக்குக் கூச்சமாகவும் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருந்தது. அவள் ஆபீஸ் போகவில்லையே, லீவில் அல்லவா இருந்தாள். 'இந்தப் படத்தில் இருப்பது நான். தயவுசெய்து எடுத்துவிடவும்' என்று செய்தி எழுதினாள். அனுப்பவில்லை. நாளைக்கு அனுப்பலாம் என்று வைத்தாள். மறுநாளும் அனுப்பவில்லை. அலுவலகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த மாம்பழக்காரியைப் பார்த்தாள். ஒருவருக்கும் தெரியாமல் போய்வந்த இடத்தில் ஒருத்தி தன்னைப் பார்த்திருக்கிறாள் என்பது பயமாக இருந்தது. பார்த்துவிட்டுப் பாவம் என்று நினைக்காமல் மாம்பழம் கொடுத்திருக்கிறாள் என்பதை யோசித்தால் பயம் விட்டுப்போனது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் செய்தி அனுப்பப்படாமல் கிடந்தது.

அதற்குள் லோகநாதனின் அக்கா மகன் வினோத் படத்தையும் அந்தப் பக்கத்தின் லிங்க்கையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். 'அத்தை ஃபேமஸ் ஆயிட்டாங்க.' அவன் அம்மா சிரிக்கிற பொம்மைகள் வரிசையாகப் போட்டிருந்தாள். எழிலரசி அதைப் பார்த்தபோது அலுவலகம் விட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது டிவி ஓடவில்லை. லோகநாதன் சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்திருந்தான். போன் அவன் முன்னால் கிடந்தது. அவள் செருப்பைக் கழற்றினாள். மோட்டாரைப் பற்றியோ காரைப் பற்றியோ அவன் எதுவும் சொல்லவில்லை.

"வினோத்து ஒரு போட்டோ அனுப்ச்சிகிறான். பாத்தியா?"

"பாத்தேன்."

"நீதான?"

"நான்தான்."

அவன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். அவள் முகம் திரைக்கு வெளியே போயிற்று. ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் ஸ்டேஷன் பெயர் எழுதிய மஞ்சள் பலகை நின்றது.

"மணவூர்னு போட்டுகீது."

அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

"சென்ட்ரலுக்கும் மணவூருக்கும் இன்னா சம்மந்தம் எழிலு?"

"லீவு போட்டேங்க. அரக்கோணம் வண்டில ஏறித் தூங்கினேன். அரக்கோணம் போய்ட்டுத் திரும்பி வந்தேன். அவ்ளோதான்."

"யார் கூட?"

"யாரு கூடவும் இல்ல. தனியா."

லோகநாதன் அவள் முகத்தைப் பார்த்தான். நம்பிவிட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. நம்பாமல் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். இரண்டு பாத்திரம் உருண்டு, அக்காவுக்குப் போன் போய், ஒருவழியாக முடிந்திருக்கும்.

"தூங்கறதுக்காவா லீவு போட்ட?"

"ஆமா."

"ஊட்ல தூங்க முடியலியா?"

அவனே மெதுவாகச் சொன்னான். "நான் கீறேன்ல ஊட்ல."

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்ல வாயெடுத்தாள். அந்த ஒரு சொல்லைத் தூக்கிவரும் தெம்பு அன்று அவளிடம் இல்லை. "டீ போடட்டுமா?" என்றாள்.

"அத்தினி பேரு எழுதிகிறாங்க" என்றான் அவன், போனைப் பார்த்தபடியே. "எல்லாத்தையும் படிச்சேன். இந்தம்மா புருசன் இன்னா பண்றான்னு ஒருத்தன் கேட்டுகிறான். அதுக்குக் கீழ இன்னொருத்தன், குடிச்சிட்டுக் கவுந்துகினு இருப்பான்னு எழுதிகிறான். நான் குடிக்கறதே இல்லப்பான்னு அங்க போய் எழுதலாம்னு பாத்தேன். அதுல எப்டி எழுதறதுன்னு தெரில."

எழிலரசி அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அங்கிருந்தே, எழுதிவைத்திருந்த செய்தியை அனுப்பினாள்.

டீ கொதிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. 'அக்கா, மன்னிச்சிடுங்க. என் பேரு கிருஷ்ணப்பிரியா. ஆவடில இருக்கேன், அனிமேஷன் கம்பெனில வேலை. கேக்காம எடுத்தது தப்புதான். இப்பவே எடுத்துடறேன்.' சற்றுப் பொறுத்து இன்னொன்று. 'ஒண்ணு கேக்கலாமா? அன்னிக்கு நான் திருவள்ளூர்ல இறங்க வேண்டியவ. நீங்க தூங்கறதப் பாத்துட்டே இருந்து இறங்காம விட்டுட்டேன். எங்க போய்ட்டிருந்தீங்க அக்கா?'

எழிலரசி யோசித்து, 'எங்கேயும் இல்லை' என்று எழுதி அனுப்பினாள்.

டீயைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்துவிட்டு வந்து மறுபடி பார்த்தபோது படம் இல்லை. அவள் இருந்த இடத்தில், அதற்கு முந்தைய படமான பூக்காரம்மாவும் யானைக்குட்டியும் முன்னால் நகர்ந்து வந்திருந்தார்கள். அவள் கேட்டது அதைத்தான். ஆனாலும் மேலும் கீழுமாகத் தள்ளித் தேடினாள். எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏன் தோன்றாமல் போயிற்று. வினோத் குழுவில் போட்டதிலோ ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. ஜன்னல் கம்பியும் மஞ்சள் பலகையும் தூங்குகிற ஒரு பொம்பளையும்தான் அதில் இருந்தார்கள். வெளியே தொங்கிய கால்களில் ஒன்று மட்டும் கோடாகத் தெரிந்தது. கிருஷ்ணப்பிரியாவிடம் கேட்டால் அனுப்புவாள். கேட்க மனம் வரவில்லை.

அதன்பிறகு வீட்டில் சத்தம் குறைந்துபோயிற்று. லோகநாதன் டிவியைத் தனக்கே கேட்காத அளவுக்கு வைத்துக்கொண்டான். அவள் வந்ததும் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவான். படுத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி அசையாமல் கிடந்தான். மோட்டார் என்னாச்சு என்று அவளாகவே கேட்டாள். "சரியாய்ட்ச்சு" என்றான். மேல்வீட்டுக்காரன் கார்? "எட்த்துட்டான்." எந்த அமைதிக்காக அவள் மணவூர் தாண்டிப் போனாளோ அது வீடு தேடி வந்துவிட்டதுபோல இருந்தது, அதில் படுக்கத்தான் முடியவில்லை. பவ்யா புதிதாக எதையோ காட்ட வந்தபோது, அப்புறம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு யாருடையதோ இடுப்பெலும்பு முறிவைத் திறந்தாள்.

இரண்டாம் சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. காலையில் அவள் எழுந்து வருவதற்குள் லோகநாதன் குளித்துவிட்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, பேண்ட், இன் பண்ணி பெல்ட் கட்டியிருந்தான். அப்படி அவனைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

"எங்கயாவது வரச் சொல்லியிருக்காங்களா?"

"இல்ல. சும்மா வெளிய. மத்தியானத்துக்கு மேலதான் வருவேன்." செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "நீ படு. கதவ உள்ள தாப்பா போட்டுக்க. இட்லி அவிச்சி மூடிவெச்சிகீறேன்."

"நீங்க சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன் சாப்ட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனான்.

கதவைத் தாழிட்டுவிட்டு எழிலரசி கூடத்தின் நடுவில் நின்றாள். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. இந்த வீடு இவ்வளவு பெரியது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இட்லிப் பானையைத் திறந்து பார்த்தாள்; எதிலிருந்தும் எடுத்துத் தின்ற அடையாளமில்லை, குழிக்குக் குழி முழுசாக இருந்தன. மூடிவிட்டு வந்து தரையில் தலையணை போட்டுப் படுத்தாள். குளிர்ச்சியாக இருந்தது. கண்ணை மூடினாள். எங்கே போயிருப்பான்? சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் போக மாட்டான். பழைய கம்பெனி ஆட்கள் யாரையும் பார்ப்பதில்லை. அக்கா வீட்டுக்கு, அந்தப் படத்துக்கப்புறம், போகவே மாட்டான். புரண்டு படுத்தாள். பக்கத்துவீட்டுக் குக்கர் விசில் அடித்தது, அதை எண்ணாமல் இருக்கப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஊறப்போட்டிருந்த துணிகளைப் பிழிந்து வாளியில் போட்டு பால்கனிக்கு எடுத்துப்போனாள்.

முதல் துண்டை உதறும்போதுதான் கீழே பார்த்தாள். கேட்டுக்குப் பக்கத்தில், எதிர்க்கட்டடத்தின் நிழல் விழுந்த இடத்தில், மோட்டார் அறைச் சுவரையொட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் லோகநாதன் உட்கார்ந்திருந்தான். கை இரண்டும் தொடை மேலே. தலை பின்னால் சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். வெயில் மெல்ல நகர்ந்து வந்து அவன் பாதத்தில் ஏறியிருந்தது. உதறிய துண்டைக் கையிலேயே பிடித்தபடி எழிலரசி நின்றாள். கூப்பிடலாம் என்று கம்பியருகே வந்தாள். அப்போது மேல்வீட்டுக்காரன் காரை எடுக்க வந்து ஒருமுறை ஹாரன் அடித்தான். லோகநாதன் திடுக்கிட்டு எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மேல்வீட்டுக்காரனைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான். கேட்டை அகலத் திறந்துவிட்டு, கார் போனபின் மூடினான். மேலே பார்க்கவேயில்லை. நாற்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு, நிழல் இன்னும் மிச்சமிருந்த மூலையாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்து, மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.